பிராக்குப் பார்க்கும் பிள்ளை, தடுக்கி விழும் பிள்ளை: மூளைக்குள் என்ன நடக்கிறது?

எங்கள் ஊர்களில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெயர்கள் ஏற்கனவே இருந்தன. வகுப்பில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன் பிராக்குப் பார்க்கிறவன். ஓரிடத்தில் குந்தியிருக்க மாட்டாதவன் குழப்படிகாரன். தேத்தண்ணீரைக் கொண்டுவரும் வழியிலேயே சிந்துகிறவளும், பந்து முகத்தில் பட்ட பிறகு கையை நீட்டுகிறவனும் மொக்கு. பெயர்கள் பல, வைத்தியம் ஒன்றுதான்: பூவரசந் தடி.

இங்கே வந்த பிறகு அதே பிள்ளையைப் பற்றிப் பாடசாலையிலிருந்து கடிதம் வருகிறது. குழந்தைநல நிபுணரிடம் காட்டுங்கள் என்கிறது கடிதம். வென்ற்வேர்த்வில், டூங்காபி, டண்டினோங், கிளென் வேவர்லி என்று எங்கள் சனம் கூடி வாழும் இடங்களில் இந்தக் கடிதம் வராத தெரு குறைவாகத்தான் இருக்கும். அதைப்பற்றி வாய்திறந்து கதைக்கும் வீடு அதைவிடக் குறைவு. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு இன்னொரு டியூசனுக்குக் காசு கட்டுகிறோம். செலெக்டிவ் பாடசாலைச் சோதனைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் திருந்திவிடுவான் என்று ஒரு கணக்கு. விசர் என்ற பட்டம் விழுந்துவிடுமோ, நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வருமோ, விசாவுக்கு இடைஞ்சலாகுமோ என்று வெளியே சொல்லாத பயங்கள் வேறு.

நாங்கள் வைத்தியர்கள் அல்லர். வணிகவியல் படித்து, மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள். ஒரு கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடுவது எங்கள் தொழில். அந்த முறையில் வாசித்து விளங்கிக்கொண்டதை, இதே கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் பெயர்கள். கவனத்தை நிறுத்துவதிலும், துடிப்பை அடக்குவதிலும், அசைவைக் கட்டுப்படுத்துவதிலும் வயதுக்கு மீறிய சிரமம் இருந்தால் அது ஏ.டி.எச்.டி. தமிழில் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு என்று நீட்டி எழுதுவார்கள். புத்தியிலும் தசையிலும் குறையில்லாமலே எழுதுவது, சப்பாத்துக் கயிறு கட்டுவது, பந்து பிடிப்பது, சைக்கிள் ஓடுவது போன்றவை வயதுக்கேற்ப வராவிட்டால் அது டி.சி.டி., அதாவது வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. முதலாவதைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இரண்டாவதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு, ஆசிரியர்களிலும்கூட.

2013-14 இல் அவுஸ்திரேலியா முழுவதும் நடந்த 'யங் மைன்ட்ஸ் மற்றர்' கணக்கெடுப்பில் 4 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 7.4 வீதமானோருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. ஆண்பிள்ளைகளில் 10.4 வீதம், பெண்பிள்ளைகளில் 4.3 வீதம். டி.சி.டி. உலகளவில் 5 முதல் 6 வீதம் என்று கொள்ளப்படுகிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லாவிட்டால், இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்வது இருநூறில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் தெரியும். உண்மையில் ஒன்று உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மற்றதும் உண்டு. எங்கள் தொழிலில் இரண்டு வேறு பேரேடுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், இரண்டுக்கும் பொதுவான மூலம் ஒன்று இருக்கிறது என்றுதான் எடுப்போம். சுவீடனின் கோதன்பேர்க் நகரத்தில் கிறிஸ்டோபர் கில்பேர்க் என்ற வைத்தியரும் அப்படித்தான் எடுத்தார். 1970களில் தொடங்கிய தன் ஆய்வுகளின் வழியாக, கவனம், இயக்கம், புலனுணர்வு மூன்றும் சேர்ந்து தடுமாறும் பிள்ளைகளுக்கு 'டாம்ப்' என்று ஒரே பெயர் வைத்தார். ஸ்கண்டிநேவிய நாடுகளுக்கு வெளியே அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அவர் கண்ட சேர்க்கை நிலைத்துவிட்டது.

அதற்கு முந்திய கதை கொஞ்சம் கசப்பானது. 1902 இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை வைத்தியர் இப்படியான பிள்ளைகளை விவரித்தபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்றார். 1917 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய உறக்க மூளையழற்சி நோயிலிருந்து தப்பிய பிள்ளைகள் பலர் அடங்காதவர்களாக மாறியதைக் கண்டபோது, காரணம் மூளையில் ஏற்படும் சேதமாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அதன்பின் சேதம் எதுவும் தெரியாத பிள்ளைகளுக்கும் 'சிறு மூளைச் சேதம்' என்று எழுதினார்கள். தேடித்தேடிப் பார்த்தும் சேதம் அகப்படவில்லை. 1960களில் 'சேதம்' போய் 'செயற்குறை' வந்தது. பாட்டிமார் மொக்கு என்றதற்கும் வைத்தியர்கள் இப்படி எழுதியதற்கும் பெரிய தூரமில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

மெல்பேர்ணில் இது தொடர்பாக நடந்துவரும் வேலையை எங்கள் சனம் அறிந்திருக்க வேண்டும். ரோயல் சில்ரன்ஸ் வைத்தியசாலை வளாகத்தில் உள்ள மேர்டொக் நிலையம், நகரின் 43 ஆரம்பப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சல்லடை போட்டுப் பார்த்து, ஏ.டி.எச்.டி. உள்ள 179 பிள்ளைகளையும் இல்லாத 212 பிள்ளைகளையும் தெரிந்தெடுத்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. அந்த 179 பேரில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அதற்கு முன் நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை. வைத்தியசாலைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளை மட்டும் எண்ணாமல் வகுப்பறைக்குள் போய் எண்ணியதால் வெளிவந்த உண்மை இது. பின்னர் இதே பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, ஏறக்குறைய பத்து வயதில் தொடங்கிப் பதினெட்டு மாத இடைவெளிகளில் மூன்று தடவை எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளை வளரும் விதத்தையே பார்த்தார்கள்.

வளரும் விதம் என்பதுதான் இங்கே முக்கியம். மூளையின் மேற்பட்டை சிறுவயதில் தடித்துக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு வேண்டாத இணைப்புகளைக் கழித்து மெலியத் தொடங்கும். 2007 இல் அமெரிக்காவில் பிலிப் ஷோ குழுவினர் 223 ஏ.டி.எச்.டி. பிள்ளைகளையும் அதேயளவு மற்றப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். மற்றப் பிள்ளைகளில் இந்த உச்சம் நடுத்தரமாக 7.5 வயதில் வந்தது. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளில் 10.5 வயதில் வந்தது. ஒழுங்கு மாறவில்லை, காலம்தான் பிந்தியது. அதிகம் பிந்தியது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. திட்டமிடுவது, பொறுத்திருப்பது, தேவையற்றதைத் தள்ளிவிடுவது எல்லாம் அதன் பொறுப்பு. அசைவை ஏவும் பகுதி மட்டும் மற்றப் பிள்ளைகளைவிடச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. ஏவுகிறவன் தயாராக நிற்கிறான், மேற்பார்வையாளர் இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை. கதிரையில் நெளியும் பிள்ளையை இப்படி நினைத்துப் பார்த்தால் கோபம் பாதி இறங்கும்.

ஆனால் இதை அளவுக்கு மீறி எடுக்கவும் கூடாது. 2017 இல் பல நாடுகளின் 3,200 பேருக்கு மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் மூளையின் ஆழத்திலுள்ள சில கருக்கள் சிறுத்திருந்தன. வித்தியாசம் பிள்ளைகளில் தெளிவாகவும் பெரியவர்களில் அருகியும் காணப்பட்டது. எப்படியும் அது மிகச் சிறியது, ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் மட்டுமே தெரிவது. தனியொரு பிள்ளையின் படத்தைப் பார்த்து உண்டு, இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. மூளையைப் படமெடுத்தோ மின்னலைகளை அளந்தோ ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்தித் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். நோயறிதல் என்பது வீட்டிலும் பாடசாலையிலும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஆற அமரக் கேட்டு, வினாக்கொத்துகளை நிரப்பி, வேறு காரணங்களைத் தள்ளிவிட்டுச் செய்யும் வேலை.

"மூன்று மணித்தியாலம் கேம் விளையாடுகிறான், அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" எங்கள் வீடுகளில் கேட்காத தகப்பன் இல்லை. நியாயமான கேள்வி. பதில் டோபமின் என்ற இரசாயனத்தில் இருக்கிறது. ஒரு செயலால் நன்மை வரப்போகிறது என்பதை மூளைக்குள் அறிவிக்கும் சமிக்ஞை அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, ஆறு மாதம் கழித்து வரப்போகும் சோதனை முடிவுகூட இன்றைக்கே கொஞ்சம் உந்துதல் தரும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரத்து நன்மை வலுவிழந்தே வந்துசேர்கிறது. கேமில் ஒவ்வொரு சில விநாடிக்கும் கூலி கையில் விழுகிறது. ஆக, கவனம் இல்லை என்பது பிழையான பேச்சு. கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் பிடி தளர்ந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நாங்கள் சும்மா இருக்கும்போது நினைவுகளில் அலையவிடும் மூளை வலையமைப்பு ஒன்று இருக்கிறது. வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும். ஏ.டி.எச்.டி.யில் அது சரியாக அடங்காமல், கணக்குச் செய்யும் நடுவில் தலைநீட்டுகிறது என்ற கருத்தை சொனுகா-பார்க், கஸ்ரெலானோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007 இல் முன்வைத்தார்கள். பிராக்கு என்ற எங்கள் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

இப்போது தடுக்கி விழும் பிள்ளைக்கு வருவோம். மெல்பேர்ணில் அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பீற்றர் வில்சன், டீக்கின் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹைட் போன்றவர்கள் பல வருடமாக ஆராயும் கருத்து ஒன்றைக் கணக்காளர் எவரும் உடனே விளங்கிக்கொள்வார். ஒரு நிறுவனம் வருடத் தொடக்கத்தில் வரவு செலவு மதிப்பீடு போடுகிறது. மாத முடிவில் உண்மைச் செலவை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கே என்று பார்த்து, அடுத்த மாத மதிப்பீட்டைத் திருத்துகிறது. மூளையும் ஒவ்வொரு அசைவுக்கும் அப்படி ஒரு மதிப்பீடு போடுகிறது. கையை நீட்டும் கட்டளை போகும்போதே, கை எங்கே போய்ச் சேரும், என்ன உணர்வு வரும் என்ற எதிர்பார்ப்பும் தயாராகிவிடும். கண்ணிலிருந்தும் மூட்டிலிருந்தும் வரும் உண்மைத் தகவல் தாமதமாகத்தான் வரும். ஆகவே பாதி வழியில் திருத்துவதற்கு இந்த எதிர்பார்ப்பே துணை. டி.சி.டி. உள்ள பிள்ளையில் இந்த மதிப்பீடு துல்லியமாக அமைவதில்லை, திருத்தமும் மெதுவாகவே நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிள்ளை புதிதாகச் செய்வதுபோலச் செய்கிறது. நூறு தரம் எழுதியும் 'ஞ' வுக்கு வளைவு வராததற்கும், மற்றவர்கள் பேச்சுக் கேட்டுக்கொண்டே எழுத இவன் எழுத்திலேயே களைத்துப் போவதற்கும் காரணம் இதுதான்.

இந்த மதிப்பீட்டு வேலையில் பெரும்பங்கு சிறுமூளைக்கு உண்டு. இலங்கைப் பாடப்புத்தகத்தில் 'மூளி' என்று படித்தோமே, அதுதான். மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் நரம்புக் கலங்களில் பாதிக்கும் மேல் அதற்குள் இருக்கின்றன. அதோடு உச்சிப் பக்கத்துப் பகுதிகளும், அவற்றை இணைக்கும் நரம்பு நார்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. சிறுமூளை அசைவுக்கு மட்டும் உரியது என்று அன்று படித்தோம். நெற்றிப் பகுதியோடும் டோபமின் வேலைசெய்யும் ஆழத்துக் கருக்களோடும் அது சுற்றுப்பாதைகளால் இணைந்திருப்பது இப்போது தெரிகிறது. நேரத்தைக் கணிப்பதும் அதன் வேலை. தாளம் தப்புவதும் கவனம் தப்புவதும் ஒரே பிள்ளையில் காணப்படுவதில் வியப்பில்லை. அரங்கேற்றக் கனவோடு பரதநாட்டியத்துக்கு அனுப்பி, அடவு வரவில்லை என்று சபையில் தலைகுனிய வைக்கப்படும் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்தப் பந்தியைக் கொஞ்சம் நீட்டினோம்.

ஏன் என் பிள்ளைக்கு என்று தாய்மார் கேட்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஏ.டி.எச்.டி.யில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால்வாசி பரம்பரை வழியானது. ஒரு தனி மரபணு அல்ல, சிறிது சிறிதாகப் பங்களிக்கும் பல. பிள்ளையைப் பற்றி நிபுணர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் தகப்பன், தன்னைப் பற்றித்தான் கேட்கிறார்களோ என்று பாதியில் நிமிர்வதும் அதனால்தான். குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும் இரண்டு குறைபாடுகளுக்கும் ஆபத்தைக் கூட்டும். இடம்பெயர்வுக்கும் பட்டினிக்கும் நடுவில் வன்னியில் பிள்ளை பெற்ற தாய்மார் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வசனத்தைத் தங்கள் மேல் சுமத்தும் குற்றமாக வாசிக்கக் கூடாது. வளர்ப்புக் குறையாலோ, சீனியாலோ, வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசுவதாலோ இவை வருவதில்லை. தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை.

எங்கள் குடும்பங்களில் ஒரு சிக்கல் மேலதிகமாக உண்டு. குண்டுச் சத்தத்தையும் தடுப்புமுகாமையும் கண்ட பிள்ளை, அல்லது அவற்றைக் கண்ட பெற்றோரின் உறக்கமற்ற வீட்டில் வளரும் பிள்ளை, வகுப்பில் திடுக்கிடும், அமைதியின்றி இருக்கும், சொன்னதை மறக்கும். வெளியில் பார்க்க ஏ.டி.எச்.டி. போலவே இருக்கும். மூளைக்குள் அது வேறு, ஆபத்தைக் காவல்காக்கும் பகுதி ஓயாமல் விழித்திருப்பது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனவே நிபுணரிடம் போகும்போது பழைய கதையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிட்னியில் 1988 முதல் இயங்கும் ஸ்ரார்ட்ஸ், மெல்பேர்ணில் பவுண்டேசன் ஹவுஸ் ஆகிய இரண்டும் சித்திரவதையிலும் போரிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உள்ள நிறுவனங்கள், பிள்ளைகளையும் பார்ப்பார்கள். கேள்விக்குறை, கண்பார்வை, குறட்டையால் கெடும் உறக்கம், இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றையும் முதலிலேயே சோதிப்பது நல்லது. இவையும் பிள்ளையைப் பிராக்காக்கும்.

மருந்தைப் பற்றி எங்கள் சனத்துக்குப் பெரும் பயம். மெதைல்பெனிடேற் என்ற மருந்து 1944 இல் சுவிற்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர் தன் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிற்றலின் என்று அழைத்தார். டோபமினையும் நோர்அட்ரினலினையும் நரம்புக் கலங்கள் உடனே திரும்ப உறிஞ்சிவிடாமல் தடுப்பதே அதன் வேலை. சமிக்ஞை சற்று நேரம் நின்று கேட்கும். பசி குறையும், உறக்கம் பிந்தலாம், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சற்றுக் கூடலாம், உயரமும் எடையும் கவனிக்கப்பட வேண்டும். காலையில் குளிசைக்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி நிறைந்தபடியே திரும்பி வந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். பல பிள்ளைகளுக்கு இது நன்றாக உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை. வேண்டுமா என்பதை வைத்தியரோடு இருந்து தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை.

டி.சி.டி.க்குக் குளிசை கிடையாது. தொழில்வழிச் சிகிச்சையாளர், அதாவது ஓ.டி., பிள்ளைக்குத் தேவையான வேலையையே எடுத்துப் பழக்குவார். இலக்கு, திட்டம், செய், சரிபார் என்று பிள்ளையே தனக்குச் சொல்லிச் செய்யும் ஒரு முறை கனடாவில் உருவாகி இங்கும் கையாளப்படுகிறது. மதிப்பீடு தானாக அமையாத இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்லிப் போடுவதுதான் அது. பொதுவான உடற்பயிற்சியைவிட இப்படி நேரடியாகப் பழக்குவதே பலன் தருகிறது.

செலவுக்கு வருவோம். 2019 இல் வெளியான டெலோயிற் அறிக்கை, ஏ.டி.எச்.டி.யால் அவுஸ்திரேலியாவுக்கு வருடத்துக்கு 20.42 பில்லியன் டொலர் செலவு என்று கணித்தது. அதில் பெரும்பகுதி மருந்துச் செலவல்ல, வேலை இழப்பாலும் உற்பத்திக் குறைவாலும் வருவது. கவனிக்காமல் விட்ட பிள்ளை வளர்ந்த பிறகு வரும் கணக்கு. ஆனால் கவனிக்கப் போனால் வாசலிலேயே தனியார் நிபுணரின் கட்டணமும் மாதக்கணக்கான காத்திருப்பும் நிற்கின்றன. 2023 நவம்பரில் வெளியான செனற் விசாரணை அறிக்கையும் இதைத்தான் சொன்னது. என்.டி.ஐ.எஸ். ஏ.டி.எச்.டி.யைத் தன் பட்டியல்களில் சேர்க்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசு, பயிற்சிபெற்ற குடும்ப வைத்தியர்கள் மருந்தைத் தொடர்ந்து எழுதவும், அவர்களில் சிலர் நோயறிதல் செய்யவும் வழிவிடுவதாக 2025 இல் அறிவித்தது. உங்கள் ஜி.பி. அந்தப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். ஜி.பி. எழுதும் நாட்பட்ட நோய்த் திட்டத்தின் கீழ் வருடத்துக்கு ஐந்து தடவை ஓ.டி. போன்றவர்களிடம் போக மெடிகெயார் பணம் தரும். உளநலத் திட்டத்தில் பத்துத் தடவை உளவியலாளரிடம் போகலாம். இரண்டும் கட்டணம் முழுவதையும் மூடாது. பிரிட்ஜிங் விசாவில் மெடிகெயார் இல்லாமல் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதவுகள்கூட மூடியிருக்கின்றன. அதை எங்கள் அமைப்புகள் மேடையில் பேசினால் நல்லது.

விசா பயத்துக்கும் ஒரு வார்த்தை. பாதுகாப்பு விசாவுக்கு மருத்துவச் சோதனை உண்டு, ஆனால் செலவைக் காட்டி மறுக்கும் நிபந்தனை அதற்கில்லை. திறன்சார் விசாக்களில் நிலைமை வேறு, சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

பாடசாலையிடம் நீங்கள் கேட்பது தயவல்ல. 1992 இன் அங்கவீனப் பாகுபாட்டுச் சட்டமும் 2005 இன் கல்வி நியமங்களும் நியாயமான மாற்றங்களைச் செய்யப் பாடசாலையைக் கட்டாயப்படுத்துகின்றன. முன்வரிசை இருக்கை, எழுதுவதற்குப் பதில் தட்டச்சு, அறிவுறுத்தலை ஒவ்வொன்றாகச் சொல்வது, சோதனையில் மேலதிக நேரம். எச்.எஸ்.சி.க்கும் வி.சி.ஈ.க்கும் இத்தகைய ஏற்பாடுகளுக்குத் தனி விண்ணப்பம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று கேட்பதைவிட, சிறுவயது முதலே பதிவு இருந்தால் விண்ணப்பம் பலமாக இருக்கும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் இதைப் பின்பற்றலாம். வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் பத்துத் தரம் எழுது என்று கேட்கத் தேவையில்லை. பேசாமல் பின்வரிசையில் கனவு காணும் பெண்பிள்ளையையும் தயவுசெய்து கவனியுங்கள். குழப்படி செய்யாததால் அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கோ நிபுணரிடமோ போகும்போது பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கையில் பாடசாலை அறிக்கைகள், ஒரு பக்கம் எழுதிய கொப்பி, பிறப்புக் குறிப்புகள், நடக்கவும் பேசவும் தொடங்கிய வயது ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்த மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். மருந்தகம் தந்த பெட்டியிலேயே, பயணத்துக்குத் தேவையான அளவு மட்டும், வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் இலங்கைத் தூதரகத்திடம் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.